விடிய விடிய ஒரு வகுப்பு: 'டீச்-இன்' என்றால் என்ன?

விடுதி நிர்வாகம் அனுமதித்தால்தான் ஒரு மாணவி ராத்திரி நடக்கும் கூட்டத்துக்குப் போக முடியும். எந்த ஊரில் என்று கேட்டால் நம்மில் பலர் நமக்குத் தெரிந்த கல்லூரி விடுதி ஒன்றின் பெயரைச் சொல்லிவிடுவோம். நான் சொல்லவந்தது அமெரிக்காவில் நடந்தது.

1965 மார்ச் 24, புதன்கிழமை. மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊர். அங்கே இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் ஹால் கட்டடத்தில் இரவு 8 மணிக்கு ஒரு வகுப்பு ஆரம்பித்தது. முடிந்தது மறுநாள் காலை 8 மணிக்கு. பாடம், வியட்நாம் போர். வருகைப் பதிவு கிடையாது, பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது. வந்தவர்கள் 3,000 பேருக்கு மேல். நடுவில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். வெளியே உறைய வைக்கும் குளிர். கூட்டம் கலையவில்லை, திறந்த வெளியிலேயே பேச்சைத் தொடர்ந்தது. சோதனை முடிந்ததும் மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தது. நம்மூரில் கூத்துக்குத்தான் அப்படி உட்காருவார்கள்.

இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'டீச்-இன்'. உலகத்தில் முதல் டீச்-இன் இதுதான் என்கிறார்கள். இன்றைக்குப் பல பல்கலைக்கழகங்கள் வருஷத்தில் ஒரு நாள் வழக்கமான வகுப்புகளை நிறுத்திவிட்டு, சமநீதி, இனப் பாகுபாடு, மாற்றுத்திறனாளிகளின் உரிமை என்று பேசுவதற்கு அந்த நாளை ஒதுக்குகின்றன. அந்த நாளுக்கு மூதாதை யார் என்று தேடிப் போனால் இந்த ராத்திரியில் போய் நிற்கலாம்.

அது எப்படிப் பிறந்தது என்பது சுவாரசியமான கதை. அந்த மார்ச் 2-ம் தேதிதான் அமெரிக்க விமானப்படை வட வியட்நாம் மீது தொடர் குண்டுவீச்சைத் தொடங்கியிருந்தது. மிச்சிகன் ஆசிரியர்களில் ஒரு குழு கொதித்துப்போய், 24-ம் தேதி வகுப்பெடுக்க மாட்டோம், அன்று முழுக்க போரைப் பற்றித்தான் பேசுவோம் என்று அறிவித்தது. உடனே நாலாபக்கமும் எதிர்ப்பு. மாநில ஆளுநர் ஜார்ஜ் ராம்னி கண்டித்தார், மாநில செனட் கண்டனத் தீர்மானம் போட்டது. சம்பளம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்தாமல் இருப்பதா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

ஆசிரியர்கள் ஒருவர் வீட்டில் கூடி நெடுநேரம் வாதம் செய்தார்கள். அங்கேதான் மார்ஷல் சாலின்ஸ் என்ற மானுடவியல் பேராசிரியர் அந்த யோசனையைச் சொன்னார். கடமையைச் செய்யவில்லை என்றுதானே திட்டுகிறார்கள்? பகல் வகுப்பை வழக்கம்போல எடுத்துவிடுவோம். அதற்கு மேல் ராத்திரி முழுக்கவும் எடுப்போம். அப்போது என்ன சொல்வார்கள்?

ஜப்பானில் வேலைநிறுத்தம் என்றால் கூடுதலாக வேலை செய்து முதலாளியைத் திணறடிப்பார்கள் என்று நம்மூரில் ஒரு கதை உலவும். அந்தக் கதைக்கு ஆதாரம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், ஆன் ஆர்பரில் இது நிஜமாகவே நடந்தது. பெயர்கூட ஒரு போராட்டத்திடமிருந்து கடன் வாங்கியதுதான். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ ஊரில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையர்கள் மட்டும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றிருந்த உணவு மேடையில் போய் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தார்கள். அது 'சிட்-இன்', நம் வழக்கில் உள்ளிருப்புப் போராட்டம். உட்கார்ந்து போராடினால் சிட்-இன், கற்றுக்கொடுத்துப் போராடினால் டீச்-இன்.

மாணவிகள் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அந்தக் காலத்தில் அங்கே விடுதி மாணவிகள் இரவில் குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். மாணவர்களுக்கு அப்படி ஒரு கெடுபிடி கிடையாது. ஏஞ்சல் ஹாலின் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது, அழைப்பும் எல்லோருக்கும் பொது. ஆனால் ராத்திரி முழுக்க நடக்கும் ஒரு கூட்டத்துக்கு, நேரத்தோடு விடுதிக்குத் திரும்பியாக வேண்டிய ஒருத்தியைக் கூப்பிடுவது எந்த வகை அழைப்பு? பல்கலைக்கழகம் அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் மாணவிகளுக்குச் சிறப்பு அனுமதி கொடுத்தது. அதற்குப் பிறகுதான் அவர்களும் வந்து உட்கார முடிந்தது.

சமூகநீதி பற்றிப் படிக்க ஆரம்பிப்பவர்கள் குழம்புகிற மூன்று சொற்கள் உண்டு: சமத்துவம், சமநீதி, சமூகநீதி. பேச்சுவழக்கில் மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். வழக்கமாக இதை விளக்க வேலிக்கு வெளியே பெட்டிமேல் ஏறி நின்று விளையாட்டைப் பார்க்கும் மூன்று பேரின் படத்தைக் காட்டுவார்கள். பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. தவிர, அந்தப் படத்தில் ஒருவன் குள்ளமாகப் பிறந்ததுதான் பிரச்சினை என்பதுபோல ஒரு தொனி இருக்கிறது. அந்த மாணவிகளின் உடம்பிலோ அறிவிலோ எந்தக் குறையும் இல்லை. குறை விதியில் இருந்தது. அதனால் இந்த ராத்திரியை வைத்தே மூன்று சொற்களையும் பார்த்துவிடலாம்.

கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, யாரும் வரலாம் என்பது சமத்துவம். எல்லோருக்கும் ஒரே விதி. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வரக்கூடியவர்கள் மட்டுமே வருவார்கள்.

வர முடியாமல் இருப்பது யார், எது அவர்களைத் தடுக்கிறது என்று பார்த்து, அந்தத் தடையை எடுப்பது சமநீதி. மாணவிகளுக்குக் கிடைத்த சிறப்பு அனுமதி அந்த வகை. இது சலுகை அல்ல என்பதைக் கவனியுங்கள். மாணவர்களுக்கு ஏற்கெனவே கையில் இருந்த ஒன்றுதான் மாணவிகளுக்கு வந்தது. பெயர் மட்டும் 'சிறப்பு'.

அந்த விதியை யார் போட்டது, ஏன் பெண்களுக்கு மட்டும் போட்டது, நாளை ராத்திரி என்ன ஆகும் என்று கேட்பது சமூகநீதி. அனுமதி ஒரு ராத்திரிக்குத்தான். மறுநாள் பழைய விதி பழைய இடத்திலேயே இருந்தது. அந்த வகை விதிகள் அமெரிக்கக் கல்லூரிகளில் ஒழிய 1960களின் கடைசியும் அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளும் தேவைப்பட்டன. அதுவும் மாணவிகளே சண்டை போட்ட பிறகு.

அதே மார்ச் 24 இரவு, தெற்கே அலபாமாவில், செல்மாவிலிருந்து வாக்குரிமை கேட்டு நடந்துவந்த கூட்டம் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் மாண்ட்காமரி ஊரின் ஓரத்தில் தங்கியிருந்தது. மறுநாள்தான் மாநிலத் தலைமைச் செயலகத்தின் வாசலை அடைந்தார்கள். சட்டப்படி கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை 1870-லேயே வந்துவிட்டது. ஓட்டுச்சாவடிக்குப் போகிற வழியைத்தான் எழுத்தறிவுத் தேர்வு, வரி, அடிஉதை என்று அடைத்து வைத்திருந்தார்கள். கதவு திறந்திருக்கிறது, வர முடியாது. அதே கதை.

போரை நடத்திக்கொண்டிருந்த ஜனாதிபதி லிண்டன் ஜான்சனே இரண்டு மாதம் கழித்து இந்த வித்தியாசத்தை விளக்கினார் என்பது வரலாற்றின் குசும்பு. 1965 ஜூன் 4-ம் தேதி, கறுப்பின மாணவர்கள் பெருமளவில் படிக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் பேசினார். பல வருஷம் சங்கிலியில் கட்டிக்கிடந்த ஒருவனை அவிழ்த்து, ஓட்டப்பந்தயக் கோட்டில் நிறுத்தி, 'இனி நீயும் எல்லோருடனும் போட்டி போடலாம்' என்று சொல்லிவிட்டால் நியாயம் செய்ததாகிவிடாது என்பது அவர் பேச்சின் சாரம். குண்டு போடுகிறவர் சொன்னார் என்பதற்காக அந்த உவமையைத் தள்ளிவிட முடியவில்லை.

சரி, வியட்நாம் வகுப்பு எப்படிச் சமநீதி நாளாக மாறியது? ஆன் ஆர்பரிலேயே அந்தப் பாதை தெரிகிறது. 1970-ல் அங்கே கறுப்பின மாணவர்கள் ஒன்றுசேர்ந்து, மாணவர் சேர்க்கையில் கறுப்பினத்தவர் 10 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று கேட்டு வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். பல்கலைக்கழகமே கிட்டத்தட்ட ஸ்தம்பித்தது. நிர்வாகம் 10 சதவீதத்தை இலக்காக ஏற்றுக்கொண்டது. (டீச்-இன் முறை அந்த நேரத்தில் வேறு பக்கமும் பரவியிருந்தது. அதே 1970 ஏப்ரல் 22-ல் நடந்த முதல் பூமி நாள், சுற்றுச்சூழலுக்கென்று நாடு முழுக்க ஒரு டீச்-இன் நடத்தலாம் என்று செனட்டர் கேலார்ட் நெல்சன் நினைத்ததிலிருந்து வந்ததுதான்.) இலக்கு ஏட்டில் இருந்தது, எண்ணிக்கை எட்டவில்லை. 1987-ல் வளாகத்தில் சில அசிங்கமான இனவெறிச் சம்பவங்கள் நடக்க, மறுபடி போராட்டம். அப்போது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கிங் பிறந்தநாளையொட்டி ஜனவரி மூன்றாம் திங்களன்று வரும் தேசிய விடுமுறையைப் பல்கலைக்கழகமும் கடைப்பிடிக்க வேண்டும் என்பது. அந்த விடுமுறை தேசிய அளவில் நடைமுறைக்கு வந்ததே 1986-ல்தான். 1980களின் இறுதியிலிருந்து மிச்சிகனில் அன்று வகுப்புகள் கிடையாது. ஆனால் அது வீட்டில் படுத்துத் தூங்குகிற லீவு அல்ல. ஹில் அரங்கில் ஒரு பெரிய உரை, அதைச் சுற்றி ஒவ்வொரு துறையிலும் கருத்தரங்கு, கலை நிகழ்ச்சி, விவாதம். 1962 நவம்பர் 5-ல் கிங் நேரில் வந்து பேசிய அதே அரங்கம் அது.

மருத்துவக் கல்லூரியில் நோயும் வருமானமும் பற்றிப் பேச்சு நடக்கும், சட்டக் கல்லூரியில் சிறைகளைப் பற்றி, பொறியியலில் யாருக்காக வடிவமைக்கிறோம் என்பது பற்றி. எனக்கு இதில் பிடித்த அம்சம் அதுதான். சமூகநீதி என்பது சமூகவியல் துறைக்காரர்களின் சொந்தச் சொத்தாக இல்லாமல், அவரவர் பாடத்துக்குள்ளேயே அதைத் தேடவேண்டி வருகிறது.

அப்படி ஒரு நாளில் என்னை ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டால், உரை எதுவும் தயாரிக்க மாட்டேன். ஒரு தாளை ஆளுக்கொன்று நகலெடுத்துக் கொடுத்துவிடுவேன். மிச்சிகன் பல்கலைக்கழகம் இளநிலைச் சேர்க்கைக்கு ஒரு காலத்தில் பயன்படுத்திய மதிப்பெண் தாள் அது. மொத்தம் 150 புள்ளி, 100 எடுத்தால் இடம் ஏறக்குறைய உறுதி. பள்ளி மதிப்பெண்ணுக்கு அதிகபட்சம் 80. நுழைவுத்தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினால்கூட 12 தான். மிச்சிகன்வாசி என்றால் 10. அப்பாவோ அம்மாவோ அங்கே படித்தவர் என்றால் 4. பல்கலைக்கழக அணிக்கு எடுக்கப்பட்ட விளையாட்டு வீரர் என்றால் 20. ஏழைக் குடும்பம் என்றால் 20. குறைவாகவே இடம்பெறும் சிறுபான்மை இனம் என்றால் 20.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பை விடிய விடிய ஓட்டலாம். விளையாட்டு வீரருக்கு 20 கொடுத்தபோது வராத கோபம் கறுப்பின மாணவருக்கு 20 கொடுத்தபோது ஏன் வந்தது? பெற்றோர் படித்த கல்லூரியில் பிள்ளைக்கு 4 புள்ளி எந்தத் தகுதிக்கு? ஏழ்மைக்கும் இனத்துக்கும் சேர்த்து 40 கிடைக்காது, இரண்டில் ஒன்றுதான், அது சரியா? யாரும் 'தகுதியா இடஒதுக்கீடா' என்று மொட்டையாகச் சண்டைபோட முடியாது. தகுதி என்று நாம் சொல்வதே யாரோ உட்கார்ந்து எண் போட்டுப் பட்டியலிட்டது என்பது அந்தத் தாளைப் பார்த்த நிமிஷமே தெரிந்துவிடும்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2003-ல், இனத்துக்கான 20 புள்ளியைச் சிறுபான்மை இனத்தவர் எல்லோருக்கும் இயந்திரம்போலக் கூட்டுவது செல்லாது என்று தீர்ப்பு. அதே நாளில் அதே பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி வழக்கில், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகப் பார்க்கும்போது இனத்தையும் ஒரு அம்சமாகக் கருதலாம் என்று 5க்கு 4 பெரும்பான்மையில் இன்னொரு தீர்ப்பு.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் வேறொரு தாள் ஞாபகம் வரும், வர வேண்டும். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைப்படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்றைய ஆவணத்தில் ஹரிஜன் என்று குறிக்கப்பட்டவர்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் இது செல்லாது என்றது நம் உச்ச நீதிமன்றம். தமிழகம் கொந்தளித்தது. இரண்டே மாதத்தில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்கிற 15(4) பிரிவு சேர்ந்தது. இங்கே தீர்ப்புக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். மிச்சிகனில் நேரெதிர். தீர்ப்பில் தப்பிய, இனத்தையும் ஒரு அம்சமாகப் பார்க்கும் முறையையும் 2006-ல் மாநில வாக்காளர்கள் 58 சதவீதம் பேர் ஓட்டுப்போட்டு மூடினார்கள். 2023-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நாடு முழுக்கவே ஏறக்குறைய மூடியாயிற்று.

அதன் விளைவு என்ன? பல்கலைக்கழகமே உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில் சொன்ன கணக்கு இது: இளநிலை மாணவர்களில் கறுப்பினத்தவர் 2006-ல் 7.03 சதவீதம், 2021-ல் 3.92. அதே காலத்தில் மிச்சிகன் மாநிலத்தில் கல்லூரி வயதுக் கறுப்பினத்தவர் 16 சதவீதத்திலிருந்து 19 ஆகக் கூடியிருந்தார்கள்.

இந்தப் பதினைந்து வருஷமும் ஜனவரி மாதக் கருத்தரங்கு தவறாமல் நடந்தது. பெரிய பெரிய பேச்சாளர்கள் வந்தார்கள், அரங்கு நிறைந்தது. விடிய விடிய ராமாயணம் கேட்டு, சீதைக்கு ராமன் சித்தப்பா என்றானாம் ஒருவன். அந்தப் பழமொழியை எடுத்து இவர்கள் தலையில் போட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது முழு நியாயமாக இருக்காது. சேர்க்கை விதியைப் பூட்டியது கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்ல, வெளியே ஓட்டுப்போட்டவர்கள். 2016-ல் விரிவான திட்டம் போட்டு நடத்திய பன்மைத்துவ, சமநீதி அலுவலகத்தை மூடுவதாக 2025 மார்ச்சில் பல்கலைக்கழகம் அறிவித்தபோதும், நெருக்கடி வாஷிங்டனிலிருந்து வந்தது. என் குறை வேறு. ஒரு நாள் பேச்சு நிறைவாக நடந்துவிட்டால், நிறைய செய்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது. அந்தத் திருப்திக்குச் சேர்க்கைப் பட்டியலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

நம் பக்கம் பார்த்தால், பெரியார் பிறந்தநாளான செப்டம்பர் 17 சமூகநீதி நாள் என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. அன்று அரசு அலுவலகங்களில், கல்லூரிகளில் உறுதிமொழி ஏற்கிறார்கள். ஒரு கல்லூரியில் நானும் வரிசையில் நின்றிருக்கிறேன். ஒருவர் மைக்கில் வாசிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொன்னோம். வெயில் ஏறுவதற்குள் முடிந்து எல்லோரும் வகுப்புக்குப் போனோம். என் பக்கத்தில் நின்ற மாணவன் கடைசி வரியைச் சொல்லும்போதே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். உறுதிமொழி தப்பில்லை. ஆனால் அது திருப்பிச் சொல்வது. டீச்-இன் என்பது திருப்பிக் கேட்பது.

ஒரு கல்லூரி நிஜமாகவே இப்படி ஒரு நாள் நடத்த விரும்பினால் பெரிய செலவு ஆகாது. கௌரவ விருந்தினர், பொன்னாடை, நினைவுப் பரிசு மூன்றையும் விட்டுவிடலாம், பாதிப் பொழுது அதிலேயே மிச்சம். எதிர்க்கருத்து உள்ளவரையும் கூப்பிட வேண்டும். ஆன் ஆர்பரில் போரை ஆதரித்தவர்களும் வந்து கூச்சல் போட்டார்கள், அவர்களுக்கும் பதில் சொன்னார்கள். தலைப்பை எங்கோ தொலைவில் தேட வேண்டியதில்லை, அந்த வளாகத்துக்குள்ளேயே கிடக்கும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் ஆய்வகம் முடித்து வருகிற மாணவி எப்படி வீடு போகிறாள்? சக்கர நாற்காலியில் வருகிறவர் நூலகத்தின் முதல் மாடிக்கு எப்படிப் போகிறார்? கல்வி உதவித்தொகை வந்து சேர்வதற்குள் பரீட்சைக் கட்டணத் தேதி முடிந்துவிடுகிறதே, அபராதம் யார் கட்டுவது? ஆண்கள் விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, பெண்கள் விடுதிக் கதவு எத்தனை மணிக்கு? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடிய அலுவலர்கள், முதல்வர் உட்பட, அன்று கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சவுண்ட் சர்வீஸ்காரரிடம் மைக் இரண்டு கேளுங்கள். ஒன்று மேடைக்கு, ஒன்று கூட்டத்துக்குள் கைமாறிப் போக. கீழே போகிற மைக்கில் பேட்டரி இருக்கிறதா என்று காலையிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.